மழையில்லாமல் ஒழுகிய கூரை

அருள்,

இந்தக் காகிதம் உன் கையில் இருக்கிறதென்றால் மெத்தையைத் தூக்கியிருக்கிறாய். அந்த மட்டில் நல்லது. படிப்பதற்கு முன்னால் காகிதத்தை இரண்டு விரலால் மடக்கிப் பார். மொறமொறவென்று சத்தம் வந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேனீயைப் பார்க்கப் போ, சாயங்காலம் படித்துக்கொள்ளலாம். பழந்துணி மாதிரித் தொய்ந்து போயிருந்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. உன் அம்மாவுக்குத் தெரிந்தால், "புள்ளைக்கு எழுதுற கடுதாசிய மெத்தைக்கு அடியிலயா வெப்பாங்க?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். வேறு எங்கே வைப்பது? கையில் கொடுத்தால் வாங்கிப் படிப்பாய், "சரிங்க சார்" என்பாய், அதோடு முடிந்தது. போன வருஷம் பூராவும் நான் சொன்ன அத்தனையும் அந்த "சரிங்க சார்" என்கிற பள்ளத்தில் விழுந்து காணாமல் போய்விட்டது. மெத்தையைத் தூக்கினால்தான் கிடைக்கும் என்கிற இடத்தில் வைத்தால், நான் சொல்ல வந்ததில் பாதியை நீ படிப்பதற்கு முன்பே செய்து முடித்திருப்பாய். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மெர்சியும் படிக்கட்டும். அவளுடைய அப்பா கேட்டால் அவரிடமும் கொடு. அறுப்பு மெஷின்காரன், போர்வெல்காரன் என்று உன்னைப் போலத் தகர வண்டிக்குள் குடித்தனம் பண்ணுகிறவன் எவன் கேட்டாலும் கொடு. எல்லோரும் செய்வது இதே தப்புதான்.

நாளைக் காலை நீங்கள் இரண்டு பேரும் கிளம்புகிறீர்கள். நீ இதைப் படிக்கும்போது ஜெயங்கொண்டத்தைத் தாண்டி ஏதாவது ஒரு முந்திரித் தோப்பில் வண்டியை நிறுத்தி, தேன்பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்திருப்பாய். பூ முடிகிற வரைக்கும் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற அந்தத் தகர வண்டிதான் உங்களுக்கு வீடு. போன தையிலும் அப்படித்தான் போனீர்கள், கல்யாணமான கையோடு. எப்படித் திரும்பி வந்தீர்கள் என்பதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் படுத்துவேன், ஏனென்றால் நீ மறந்துபோனவன் மாதிரி நடந்துகொள்கிறாய். மெர்சிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பெண் பார்க்கப் போனபோதே மறைக்காமல் சொன்னார்கள். ஈரமும் பூஞ்சையும் அவளுக்கு ஆகாது என்று தெரிந்தும், அவளை ஓர் ஈரப் பெட்டிக்குள் வைத்து நாலு பக்கமும் அடைத்தாய். இந்த வருஷம் அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்புகிறார். இன்னொரு தடவை அவளுக்கு இழுத்தால், அன்றைக்கே வரதராஜன்பேட்டைக்கு, தன் வீட்டுக்கே, கூட்டிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் வண்டி வாழ்க்கை என்று அவர் காதில் யாரும் பேசக்கூடாது. அவர் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மூச்சு அவள் மூச்சு.

திட்டுவதற்கு நீங்கள் யார் என்று கேட்க மாட்டாய், அது உன் வழக்கமில்லை. ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். உனக்கும் எனக்கும் பதிமூன்று வயதுதான் வித்தியாசம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆலத்தியூர்ப் பக்கம் எங்கள் சிமெண்டு ஆலைக்குப் பயிற்சிக்கு வந்தாய். நான் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியர். "சார்" என்று கூப்பிட்டாய். உன் அப்பா நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டவர். பிற்பாடு உன் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொண்டபோது ஊர் என்னென்னவோ பேசியது, நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மாதா கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். "சார்" என்பதை மட்டும் மாற்றவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே சொல் பேச்சுக் கேட்காத பிள்ளைகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். நீ சார் என்று கூப்பிட்டுக்கொண்டே கேட்காதவன், அவ்வளவுதான். உன் கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் என்று போட்டு உன் அம்மா பேருக்குப் பக்கத்தில் என் பேரை அச்சடித்தது நீ. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அச்சடித்துவிட்டாய் அல்லவா, இப்போது கேட்டுக்கொள்.

அந்த வண்டியைப் பெரம்பலூர்ப் பட்டறையில் கட்டியபோதே வினை ஆரம்பித்தது. படம் போட்டுக் கொடுத்தவன் நான். கதவுக்கு எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி ஒரு காற்றுவழி, அதற்கு நேர் எதிர் மூலையில் கூரையை ஒட்டி ஒன்று. கீழே வருகிற காற்று மேலே போக வேண்டும், வழியில் ஈரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பட்டறைக்காரர் தகட்டில் சாக்கட்டியால் கோடும் போட்டுவிட்டார். நான் வேலைக்குப் போன நாளாகப் பார்த்து நீ போய், "வேணாண்ணே, அத வெட்டாதீங்க, சுண்ணாம்புக்கல்லு லாரி போற ரோட்டுல புழுதி பூரா உள்ள வந்துரும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அவர் கோட்டின் மேலேயே பெயிண்டை அடித்துக் கொடுத்துவிட்டார். புழுதி வரும் என்பது உண்மைதான், அரியலூர் ரோட்டில் ஒரு தடவை போனவனுக்குத் தெரியும். அதற்குத் தூசியைத் தடுப்பதா, காற்றையே தடுப்பதா? மூக்கில் தூசி போகிறதென்று மூக்கை அறுத்துக்கொள்பவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு அந்தப் போன். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை நடந்துகொண்டிருக்கிறது, காதில் ஒரு பக்கம் கிரைண்டர் சத்தம், இன்னொரு பக்கம் நீ.

"சார், கூரை ஒழுகுது சார்."

"மழை பேஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்பறம் எப்படிடா ஒழுகும்?"

"பனி சார். ராத்திரி பூரா பனி கொட்டுது. விடிஞ்சு பாத்தா மேல இருந்து சொட்டுது, போர்வையெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

"கூரைக்கு மேல ஏறி எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன் சார். ஒண்ணுமில்ல. இருந்தாலும் சிலிக்கான் பசை வாங்கி எல்லா மூட்டுலயும் அடிச்சுட்டேன்."

"ஓட்டையே இல்லாத கூரைக்கு எதுக்குடா சிலிக்கான்?"

"ஒரு சேஃப்டிக்கு சார்."

அந்த சேஃப்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, கீழே ஆள் இருந்தான். ஆனால் அப்போதே சொன்னேன், தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்துதான் வருகிறது என்று. "சரிங்க சார்" என்றாய். மறுநாள் என்ன செய்தாய்? தார்ப்பாய் வாங்கிக் கூரையோடு ஒட்டினாற்போலப் போர்த்தி, நாலு பக்கமும் சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டாய். கதவிடுக்கில் கொஞ்சம் காற்றாவது வந்துகொண்டிருந்தது, அதையும் ஒழித்தாய்.

உன் அம்மா சோறு வடிக்கும்போது பானை மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாயா? அடியெல்லாம் தண்ணீர்த் துளி. மூடி ஒழுகுகிறது என்று யாராவது சிலிக்கான் அடிக்கிறார்களா? சோற்று ஆவி மேலே போய்ச் சற்றே குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகிறது. உன் வண்டியில் மூடி அந்தத் தகரக் கூரை. தையில் வானம் மேகமில்லாமல் கிடக்கும். ராத்திரி தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்து போகும். பனி மழை மாதிரி மேலேயிருந்து கொட்டுவதில்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த பொருளைத் தொட்டதும் தண்ணீராகிறது. வெளிப்பக்கம் அப்படித்தான், உள்பக்கமும் அப்படித்தான். உள்ளே ஈரம் எங்கிருந்து வருகிறது? இரண்டு பேர் விடிய விடிய மூச்சு விடுகிறீர்கள். அதுவே போதும். அது போதாதென்று கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் அடுப்பில் குழம்பு வைக்கிறீர்கள். கேஸ் எரிந்தாலே அதிலிருந்து தண்ணீர் ஆவியாக வரும், குழம்பில் கொதிப்பது தனி. அதுவும் போதாதென்று துவைத்த துணியைக் கயிறு கட்டி உள்ளேயே காயப்போடுகிறீர்கள். துணி காய்ந்தது என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? கூரையில் ஏறி, சுவரில் இறங்கி, மெத்தைக்குள் வந்து படுத்துக்கொண்டது.

இது உனக்குத் தெரியாத சங்கதி என்றால் நான் இவ்வளவு பொரும மாட்டேன். எங்கள் ஆலையில் தூசி பிடிக்கிற பெரிய பெட்டிகள் இருக்கின்றனவே, உள்ளே ஆளுயரத்துக்கும் மேலாகத் துணிப்பைகள் தொங்குமே, அதில் பயிற்சி எடுத்தவன் நீ. சூடான காற்று உள்ளே குளிர்ந்துவிட்டால் பையில் ஈரம் கோத்து, சிமெண்டுத் தூள் களியாகி, களி கல்லாகிவிடும். அந்தக் கல்லைச் சுத்தியலால் தட்டித் தட்டி உடைத்தவன் நீ. "இது எப்படி சார் உள்ள தண்ணி வந்துச்சு?" என்று கேட்டாய், நான் சுவரில் கரிக்கட்டியால் வரைந்து விளக்கினேன், நீ தலையை ஆட்டினாய். ஆட்டிய அந்தத் தலையை வண்டிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கூரை ஒழுகுகிறது என்று எனக்கே போன் செய்கிறாய்.

உன் அம்மாவையும் நான் விட்டுவிடப் போவதில்லை. உங்களைப் பார்க்க வந்தவள், "பனி காதுக்குள்ள எறங்கும்டா, இழுப்பு உடம்புக்காரி ஒருத்தி படுத்திருக்கா" என்று தன் பழைய புடவையைக் கிழித்துச் சன்னல் இடுக்கு, கதவு இடுக்கு என்று ஒன்று விடாமல் திணித்துவிட்டு வந்தாள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மார்கழி, தை வந்தால் சன்னல் என்பதே எதிரி. காதில் மப்ளர், சன்னலில் புடவை. உள்ளே பூஞ்சை வாடை வந்ததும் அதற்கும் வைத்தியம் வைத்திருந்தாள்: சாம்பிராணி. வீசிங் உள்ள பெண்ணை உள்ளே உட்காரவைத்து, காற்றே இல்லாத பெட்டிக்குள் சாம்பிராணி போட்ட ஒரே மாமியார் இந்த மாவட்டத்தில் உன் அம்மாவாகத்தான் இருக்கும். நீ உன் பங்குக்கு அந்துருண்டை வாங்கி மெத்தை மூலையில் போட்டாய். எல்லோருக்கும் நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தாலேயே அவளை அவித்தீர்கள்.

அவித்தீர்கள் என்பது என் வார்த்தை இல்லை. ஜெயங்கொண்டத்தில் ஆஸ்பத்திரியில் அவள் முகத்தில் மருந்து ஆவி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அப்பா உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எம்பொண்ண தகரப் பொட்டிக்குள்ள வெச்சு அவிக்கவா கட்டிக் குடுத்தேன்? நீங்களே சொல்லுங்க. ஒங்கள சம்மந்தின்னு கூப்புடவே எனக்கு வாய் வரமாட்டேங்குது, தம்பி மாரி இருக்கீங்க. இருந்தாலும் படிச்சவரு, கேக்குறேன்." பிறகு அவர் உங்கள் வண்டிக்குப் போய் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அது அவர் சீராகப் போட்ட மெத்தை. தன் தோட்டத்து இலவம்பஞ்சை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்து, மகளுக்கென்று ஆள் வைத்துத் தைத்தது. நீயோ அடியில் ரெக்சின் விரித்து, பலகை மேல் சப்பென்று போட்டிருந்தாய். கடைக்காரன் சொன்னானாம், ரெக்சின் போட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்று. உள்ளே போகாது சரி, உள்ளேயிருந்து வெளியே எப்படிப் போகும்? பஞ்சு கட்டி கட்டியாகி, அடிப்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூத்திருந்தது. மனுஷர் கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். "நான் போட்ட மெத்தையில காளான் மொளைக்குது" என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சொன்னார். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு நீ செய்த ஒரு காரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் போன பிறகு தேன்பெட்டி ஒன்றின் மேல்மூடியைத் தூக்கி, அதிலிருக்கிற கம்பிவலை வைத்த துளையில் சிலந்தி கூடு கட்டியிருந்ததைக் குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்தாய். துக்கத்தில் கை எதையாவது தேடும், புரிகிறது. நான் எதுக்குடா அது என்று கேட்டேன்.

"காத்து போவணும் சார். அடைச்சுக்கிட்டா உள்ள வேர்த்து, பூச்சி பூரா செத்துரும்."

"அப்ப இந்தப் பக்கம் பெரிய பொட்டிக்குள்ள படுத்திருந்தது யாருடா?"

குச்சியை எறிந்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாய். மெர்சி அவள் அப்பா வீட்டில் இருந்த நாட்களில் ஒருமுறை பார்க்கப் போனேன், இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. "மாமா, அவரு பூச்சிக்குப் பயப்படுறதுல கால்வாசி எனக்குப் பயந்தா போதும், நான் நல்லா இருப்பேன்" என்றாள். அந்தப் பெண் உன்னை விட்டுக்கொடுக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் அவள் அப்பாவிடம் மல்லுக்கு நின்று கிளம்புகிறாள். தேன் எடுப்பதும் விற்பதும் அவளுக்குப் பிடித்திருக்கிறது, உன்னோடு தோப்பில் இருப்பது பிடித்திருக்கிறது, அது என்ன ரசனையோ.

இன்றைக்கு நீங்கள் ஏலாக்குறிச்சிக்குப் பூசைக்குப் போயிருந்தபோது நான் செய்ததை வந்து பார்த்தாய். கிரைண்டரை மாட்டி, பெயிண்டுக்கு அடியில் தேய்ந்து தெரிந்த அந்தப் பழைய சாக்கட்டிக் கோட்டின் மேலேயே வெட்டினேன், கீழே ஒன்று, மேலே ஒன்று. உன் அம்மா வாசலில் நின்று, "புள்ளய ஒரு வார்த்தை கேக்காம வெட்டுறீங்களே, அவன் ஆசயா கட்டுன வண்டி" என்று கத்தினாள். "கேட்டா சரிங்க சார்ன்னு சொல்லுவான், வெட்ட வுட மாட்டான்" என்றேன். நீ திரும்பி வந்து ஓட்டைகளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"சொல்லிட்டு செஞ்சிருக்கலாம் சார்."

"சொன்னேன். போன வருஷம்."

அதற்கும் நீ "சரிங்க சார்" என்றுதான் சொன்னாய், ஆனால் தாடை இறுகியிருந்தது. இறுகட்டும். கோபம் வந்தால் எனக்குப் போன் செய்து திட்டு, ஓட்டையில் மட்டும் துணியை அடைக்காதே. நீ சொன்ன புழுதிக்கும் வழி செய்திருக்கிறேன். இரண்டு வழியிலும் கொசுவலை. மழை உள்ளே அடிக்காதபடி சாய்வாக மடித்த தகடு. உள்பக்கம் நகர்த்தி மூடுகிற மூடி. அதோடு எங்கள் ஆலையில் தூசி வடிகட்டுகிற பைக்குத் தைக்கிற துணி இருக்கிறதல்லவா, அதில் ஒரு புதுத் துண்டை ஸ்டோரில் கேட்டு வாங்கிச் சட்டமடித்து மாட்டியிருக்கிறேன். காற்று போகும், தூசி போகாது. வாரம் ஒருமுறை கழற்றித் தட்டு. வண்டி ஓடும்போது மூடியைச் சாத்து. நின்றதும் திற. ராத்திரி திறந்தே இருக்கட்டும். இதைக் கேட்டதும் நீ மனசுக்குள் என்ன சொல்வாய் என்று தெரியும்: "வெளியில பனி கொட்டுது, தொறந்தா அந்த ஈரமும்தான உள்ள வரும்?" வரும். ஆனால் வெளிக்காற்று குளிர்ந்தது, உள்ளே வந்து சூடானதும் அது இன்னும் ஈரத்தைக் குடிக்கிற காற்றாகிவிடும். குடித்துவிட்டு மேல் வழியாகப் போய்விடும். குளிருகிறதென்றால் இன்னொரு போர்வை போர்த்திக்கொள். குளிருக்குப் போர்வை இருக்கிறது, ஈரத்துக்குப் போர்வை கிடையாது.

தார்ப்பாயை நான் தூக்கிப் போடவில்லை. போடுகிற விதம்தான் தப்பு. கூரைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, பந்தல் மாதிரி, முந்திரிக் கிளையில் கட்டு. பக்கங்களைத் திறந்து விடு. அப்போது ராத்திரி வானத்தைப் பார்த்துக் குளிர்வது தார்ப்பாய், உன் கூரை இல்லை. உள்ளே இரும்புச் சட்டம் வெறுமனே தெரிகிற இடத்திலெல்லாம் தெர்மாகோல் வெட்டி ஒட்டிப் பலகை அடித்திருக்கிறேன், அதைப் பிடுங்கி ஆணி அடித்துக் காலண்டர் மாட்டாதே. அடுப்பை வெளியே வை. மழை தூறி உள்ளேதான் சமைக்க வேண்டுமென்றால் கதவையும் இரண்டு வழியையும் திறந்துவிட்டு, பாத்திரத்தை மூடிச் சமை. துணி வெளியே. ஈரத் துண்டும் வெளியே. நீ தலைகுளித்துவிட்டு மெத்தையில் போடுகிற துண்டைத்தான் சொல்கிறேன்.

மெத்தைக்கு அடியில் பார்த்தாயா? பலகையை எடுத்துவிட்டு ரீப்பர் கட்டைகளை விரல் இடைவெளி விட்டு வரிசையாக அடித்திருக்கிறேன். ரெக்சின் குப்பைக்குப் போய்விட்டது. இந்த ஊரில் வீடு கட்டுகிற எவனாவது சிமெண்டு மூட்டையைத் தரையில் போடுகிறானா? செங்கல் வைத்து, அதன் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குகிறான். தரையோடு போட்டால் கட்டி தட்டிவிடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சிமெண்டுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கட்டிய பெண்டாட்டிக்குக் கொடு என்றுதான் கேட்கிறேன். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டையே அடித்துவிட்டேன், நீ மறந்தாலும் மெத்தை அங்கே போகாது. அவள் அப்பா பஞ்சை வெயிலில் போட்டு, அடித்து, புது உறை தைத்து அதே மெத்தையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. எழுந்ததும் அதைத் தூக்கிச் சாய்த்து வை. வெயில் ஏறியதும் ஜீப் மேல் விரித்துப் போடு. ராத்திரி சுவரில் ஈரம் தெரிந்தால் விடிந்ததும் துடைத்து, அந்தத் துணியை வெளியே பிழி, உள்ளே கொடியில் போடாதே.

இதோடு முடித்திருப்பேன். பழைய பலகையை எடுத்தபோது ஒன்றைப் பார்த்தேன். கறை பலகை முழுக்க இல்லை. ஏறி இறங்குகிற வழிப் பக்கம் சுத்தமாக இருந்தது. சுவர்ப் பக்கம் மட்டும் நீளமாக, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்தால் முதுகு படுகிற இடத்தில், கன்னங்கரேலென்று இருந்தது. பூசை முடிந்து வந்ததும் நீ ஜீப்புக்குக் காற்றடிக்கப் போனாய், மெர்சியிடம் கேட்டேன்.

"சொவத்துப் பக்கம் யாரும்மா படுக்குறது?"

"நான்தான் மாமா. அவரு விடியக்காலம் எந்திரிச்சு பொட்டி பாக்கப் போவாரு. என்னைத் தாண்டிப் போனா முழிச்சுக்குவேன்னு இந்தப் பக்கம் படுக்குறாரு."

"ஈரம் தெரியலையா ஒனக்கு?"

நீ வருகிறாயா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தெரிஞ்சுச்சு மாமா. சொன்னா எங்க அப்பா காதுக்குப் போயிரும், வண்டியே வேணாம்பாரு. அதான் ஒரு துண்ட மடிச்சு முதுகுக்கு வெச்சுக்குவேன். அவருகிட்ட சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டேன். ரகசியம் காப்பது எனக்கு வராத வேலை, அவள் என்னை மன்னிக்கட்டும். அருள், நீ கெட்டவன் இல்லை. அவள் தூக்கம் கெடக்கூடாது என்றுதான் வழிப் பக்கம் படுத்தாய். அவள் உன் வண்டி போய்விடக்கூடாது என்று ஈரத்தில் படுத்தாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். கிரைண்டரால் ஓட்டை வெட்டலாம், கட்டை அடிக்கலாம், இதை நான் வெட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அதனால் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை.

இதைப் படித்த ராத்திரியிலிருந்து சுவர்ப் பக்கம் நீ படு. காலையில் தாண்டிப் போனால் அவள் முழித்துக்கொள்வாளே என்றால், முழித்துக்கொள்ளட்டும், மூச்சு விட்டுக்கொண்டு முழிப்பாள். நான் வெட்டியது எல்லாம் சரியாக வேலை செய்தால் சுவர் காய்ந்திருக்கும். என் கணக்கு தப்பிப் போய் ஈரம் வந்தால், அது முதலில் உன் முதுகுக்குத் தெரிய வேண்டும், அவள் நெஞ்சுக்கு இல்லை. தெரிந்தால் சிலிக்கான் வாங்கப் போகாதே, எனக்குப் போன் போடு. சார் என்றே கூப்பிடு. எடுப்பேன்.